பெருமாள் கனக்கிறார்

வரதமங்கலத்தில் பெருமாளைத் தோளில் சுமக்கிறவர்கள் வலிக்கிறது என்று சொல்வதில்லை. யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. கருட வாகனத்தின் தண்டு தோளெலும்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும், வேர்வை கண்ணுக்குள் இறங்கும். அப்போதும் அவர்கள் வாயிலிருந்து வருவது ஒரே பேச்சுதான்.

"பெருமாள் இன்னிக்குக் கனக்கறார்."

உடனே பக்கத்தில் நடந்து வருகிற மாற்றாள் தோளைக் கொடுத்துவிடுவார். என்ன ஏது என்று கேட்க மாட்டார். வலிக்கிறது என்று சொன்னால் அந்த வலியைக் கொடுத்தது பெருமாள் என்றாகிவிடும். கனக்கிறார் என்றால் அவருக்கும் பெருமை, தூக்கினவனுக்கும் பெருமை. எங்கள் ஊர்க்காரர்கள் இதிலெல்லாம் கெட்டிக்காரர்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மாதேவி போகிற வழியில் ஆற்றை ஒட்டிய ஊர் வரதமங்கலம். அந்தக் கோயிலில் கருட வாகனத்து வலது தண்டின் முன்னிடம் பஞ்சுவுடையது. மீசை அரும்பின வயதில் அங்கே போய் நின்றவர், ஐம்பதை நெருங்கியும் அந்த இடத்தை விடவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி வலது தோள்காரன் ஆயுசுக்கும் வலது தோள்காரன்தான், தோள் மாற்றிக்கொள்வது கிடையாது. அதனால் பஞ்சுவின் வலது தோளில் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்துவைத்த மாதிரி ஒரு காய்ப்பு. மற்ற நேரங்களில் அவர் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்கிறவர். மேலே துண்டு போட்டால் காய்ப்பு மறைந்துவிடும் என்பதற்காகவே துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார் என்று அவர் மனைவி ஜயலக்ஷ்மி கேலி பண்ணுவாள்.

தண்டுக்கடியில் இருந்த சட்டம் அவர்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பல் வலித்தால் பல் கனக்கிறது. தலை வலித்தால் தலை கனக்கிறது. ஜயலக்ஷ்மியும் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து அப்படியே பழகிக்கொண்டாள். பிள்ளைப்பேற்றில்கூட, "அம்மா, கனக்கறதே" என்றுதான் அலறினாளாம். மருத்துவச்சி சிரித்துவிட்டாளாம்.

தொண்ணூற்றேழாம் வருஷம் மாசியில் பஞ்சுவுக்குக் கழுத்தடியில் பிடித்துக்கொண்டது. அது புதிதல்ல. உற்சவம் முடிந்தால் இறுக்கம் வரும். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுளுக்கு எடுக்கிற இஸ்ரவேல் இருக்கிறார். அவரிடம் போய் எண்ணெய் போட்டு நீவிவிட்டு வந்தால் நாலு நாளில் சரியாகும். இத்தனை வருஷமும் இஸ்ரவேல் கை அவரைக் கைவிட்டதில்லை.

இந்தத் தடவை நீவியும் கேட்கவில்லை. பங்குனியில் அது கழுத்திலிருந்து புறப்பட்டு, காய்ப்பைத் தாண்டி, முழங்கை வழியாக விரல் நுனிவரைக்கும் கரண்ட் அடிப்பதுபோல் ஓட ஆரம்பித்தது. பஞ்சு படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே தூங்கினார். "பெருமாள் ஆத்துக்கே வந்து கனக்கறார்டி" என்றார். ஜயலக்ஷ்மிக்குச் சிரிப்பு வரவில்லை.

"எல்லாம் அந்தக் காய்ப்புதான் சாமி" என்றார் இஸ்ரவேல். "உள்ளுக்குள்ள வேரு விட்டுருக்கு. வைகாசிக்கு முன்னால ஒரு நாளு வாங்க. கழுத்தை ஒரு திருப்புத் திருப்பி நெட்டி எடுத்துருதேன். எல்லாம் விட்டுப் போயிரும்."

அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. சித்திரைக் கடைசியில் ஒருநாள் விடியலில் பஞ்சு எழுந்து வந்து அடுக்களை வாசலில் நின்றார். முகம் தெளிந்திருந்தது.

"ஜயா, கனம் போயிடுத்து."

"என்னது?"

"போயிடுத்து. துடைச்சு எடுத்தாப்ல. நேத்துச் சாயரட்சையில நின்னுண்டு, கருட சேவை வரதே, நான் என்ன பண்ணுவேன்னு கேட்டேன். எடுத்துண்டுட்டார்."

அன்றைக்கு ஜயலக்ஷ்மி அக்காரவடிசல் பண்ணினாள். நெய் முழங்கைவரை வழியவேண்டும் என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணம் போயிற்று. தெருமுனையில் காப்பிப்பொடி அரைத்து விற்கிற தாணுமாலையனுக்கும் ஒரு தூக்கு நிறையப் போயிற்று. சைவப் பிள்ளைமார், ஆனால் பெருமாள் கோயில் பிரசாதத்தில் பேதம் பார்க்காதவர். பஞ்சுவுக்குப் பள்ளிக்கூட நாள் முதல் கூட்டாளி. தமக்கு வந்த இடுப்பு வலியைப் பாளையங்கோட்டையில் சிவசண்முகம் டாக்டர் சைனா ஊசி குத்தியே விரட்டினார் என்பதைக் காப்பிப்பொடி வாங்க வருகிற அத்தனை பேருக்கும் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்.

"வே சாமி, எனக்கு ஊசி குத்தித்தான் போச்சு. உமக்குக் குத்தாமலே போயிருச்சு. குடுத்துவச்ச ஆளுவே நீரு" என்றார், அக்காரவடிசலை வழித்தபடி.

அதற்குப் பிறகு சில சின்ன விஷயங்கள் நடந்தன. சின்னவை என்பதால் யாருக்கும் கணக்கில் வரவில்லை. பஞ்சு காலையில் குளித்துவிட்டு நெற்றியில் சாத்திக்கொள்கிற திருமண், அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இப்போது நடுவில் சிவப்புக் கோடு புருவத்துக்கு மேலே ஒரு பக்கமாக வளைந்தது. ஜயலக்ஷ்மி, "வயசாறதோன்னோ" என்று அழித்துத் திருத்திவிட்டாள். காப்பி டம்ளர் ஒருநாள் கையிலிருந்து தானாக நழுவியது. ஆற்றங்கரையிலிருந்து ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். மற்றது எங்கே என்று கேட்டால் குனிந்து காலைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார்.

வைகாசி உற்சவத்துக்குக் கொடியேறிய அன்று மத்தியானம். மடைப்பள்ளியில் பெரிய வெண்கல உருளியில் சர்க்கரைப்பொங்கல் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மேளக்காரர்களும் பூக்கட்டுகிறவர்களும் வாசலில் நிழலுக்கு ஒதுங்கியிருந்தார்கள். ஜயலக்ஷ்மி துளசி மாலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அப்போது அடுப்புக் கல் ஒன்று சரிந்தது. உருளி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்கு நேர் கீழே, விறகு தள்ளிக்கொண்டு குனிந்திருந்தாள் இசக்கியம்மா, மடைப்பள்ளிக்கு விறகு போடுகிறவள்.

பஞ்சு ஈரச்சாக்கைத் தேடவில்லை. வெறும் வலது கையால் உருளியின் விளிம்பைப் பிடித்தார். இடது கை துண்டோடு மறுபக்கம். இசக்கியம்மா உருண்டு வெளியே வருகிறவரை, மற்றவர்கள் சாக்கோடு ஓடி வருகிறவரை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

ஓடி வந்தவர்கள் உருளியை வாங்கிக் கீழே இறக்கி வைத்தார்கள்.

"சாமி, கை சுடலியா?" என்றாள் இசக்கியம்மா.

"இல்லையே" என்றார் பஞ்சு, சாதாரணமாக.

இசக்கியம்மா அப்படியே அவர் காலில் விழுந்தாள். நாதஸ்வரக்காரர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கும்பிட்டார். அக்னி சுடவில்லை, கருடனைத் தாங்குகிற கையை அக்னி சுடவில்லை என்று யாரோ குரல் எடுத்துச் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி பஸ் ஏறி அம்பாசமுத்திரம் போய்விட்டது. தெரு முழுக்க ஆட்கள். அவர்கள் உடம்பு சிலிர்த்ததை யாரும் குறை சொல்ல முடியாது. கண் முன்னால் நடந்தால் யாருக்குத்தான் சிலிர்க்காது?

ஜயலக்ஷ்மிக்கு மட்டும் அந்த மடைப்பள்ளியில் வேறொரு வாடை அடித்தது. வெல்லத்துக்கும் நெய்க்கும் நடுவில், தீய்ந்த தோலின் வாடை.

கூட்டம் கலைந்து, பஞ்சு கிணற்றடியில் சந்தியாவந்தனத்துக்குக் கை கழுவ வந்தபோது அவள் வாளியைத் தள்ளி வைத்துவிட்டு அவருடைய வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். நாலு விரலுக்கும் குறுக்கே தோல் வெள்ளையாக வெந்து சுருண்டிருந்தது. ஓரிடத்தில் உரிந்து சிவந்த சதை தெரிந்தது. அவள் பைய அந்தச் சதையைத் தொட்டாள்.

"தெரியறதா?"

"என்ன தெரியணும்?"

இன்னும் அழுத்தினாள். அவர் கை சும்மா கிடந்தது.

"ஏன்னா, உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

"அதான் சொல்றேனே, அவர் எடுத்துண்டுட்டார்னு."

"சுடாம இருந்திருந்தா அது அதிசயம்" என்றாள் ஜயலக்ஷ்மி. "சுட்டிருக்கே! வெந்து போயிருக்கே! இது கனம் போனதில்லை. கை போயிண்டிருக்கு."

"அபசாரமாப் பேசாதே."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஆனால் வளைந்த திருமண்ணும் நழுவின டம்ளரும் தொலைந்த செருப்பும் அவள் மனசில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. எட்டாம் நாள் கருட சேவை. அந்தத் தண்டுக்கடியில் இந்த மனுஷர் போய் நின்றால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் தாணுமாலையன் கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, உங்க ஊசி டாக்டர்கிட்ட இவரைக் கூட்டிண்டு போகணும்."

"அவருக்கு என்ன மாமி? வலிதான் இல்லியே. இல்லாத வலிக்கு ஊசி என்னத்துக்கு?"

"வலி வரதுக்கு" என்றாள் ஜயலக்ஷ்மி.

தாணுமாலையன் அரைக்கிற மிஷினை நிறுத்தினார். இருபத்தைந்து வருஷம் பழகிய வீட்டில் அந்த வார்த்தையை அவர் முதல்முறையாகக் கேட்கிறார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

தீப்புண்ணுக்கு மருந்து போடுவதற்கு என்று சொல்லித்தான் பஞ்சுவைப் பஸ் ஏற்றினார்கள். பஸ்ஸிலேயே ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்துக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பஞ்சுவுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

சிவசண்முகம் இங்கிலீஷ் வைத்தியம் படித்து, அரசாங்க உத்தியோகம் பார்த்து, அதற்குப் பிறகு ஊசி குத்தும் வித்தையைக் கற்றுக்கொண்டவர். அறை முழுக்க உடம்புப் படங்கள். திரைக்குப் பின்னால் யாரோ முதுகில் ஊசிகளோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பஞ்சு கையைக் காட்டினார். டாக்டர் கையைப் பார்க்கவில்லை. நெற்றியைப் பார்த்தார்.

"சாமி, இந்த நாமம் எப்பமும் இப்படித்தான் கோணலா இருக்குமா?"

"இல்லை டாக்டர்" என்று முந்திக்கொண்டாள் ஜயலக்ஷ்மி. "ஒரு மாசமாத்தான். அப்புறம் செருப்பு கழண்டது தெரியலை. கனம் இருந்தது, அது போயிடுத்து. போனதுக்கப்புறம்தான் இதெல்லாம். இவருக்கு வலியைத் திரும்பி வரவழைக்கறதுக்கு உங்ககிட்ட ஊசி இருக்கா?"

டாக்டர் நெற்றியை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"வலியை எடுங்கன்னுதாம்மா எல்லாரும் வாராங்க. குடுங்கன்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

மாசியிலிருந்து நடந்ததையும் இஸ்ரவேல் நீவியதையும் கேட்டுக்கொண்டு, பஞ்சுவை உட்காரவைத்துச் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் எகிறி மேஜையை உதைத்தது. கையை மூடி மூடித் திறக்கச் சொன்னார். இடது கை மொட்டு மாதிரி மூடித் திறந்தது. வலது கை திறக்க யோசித்தது. பிறகு கண்ணை மூடச் சொல்லி, வலது உள்ளங்கையில் புண் இல்லாத இடமாகப் பார்த்துத் தம்முடைய ஸ்கூட்டர் சாவியை வைத்தார்.

"கையில என்ன இருக்கு, சாமி?"

"வையுங்கோ, சொல்றேன்."

"வச்சாச்சு."

"இன்னும் வைக்கலையே."

தாணுமாலையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜயலக்ஷ்மி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பஞ்சு கண்ணைத் திறந்தார். கையில் சாவி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பம் கேளுங்க" என்றார் டாக்டர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "வலி தோள்ல வந்துச்சு, கையில வந்துச்சு. ஆனா கோளாறு அங்கன இல்ல, காய்ப்புலயும் இல்ல. கழுத்துல. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு. அது பிதுங்கிட்டுன்னு நினைக்கேன். மொதல்ல கைக்குப் போற நரம்பை அமுக்கியிருக்கு, அது சத்தம் போட்டுச்சு. இப்பம் முதுகுத்தண்டுக்குள்ள போற நடு நரம்பையே அமுக்குது. அதான் சத்தம் நின்னுட்டு."

"சத்தம் நின்னா நல்லதுதானே டாக்டர்?" என்றார் தாணுமாலையன்.

"உம்ம இடுப்பு எப்படி இருந்துச்சு? வலிச்சுது, பிடிச்சுது. ஆனா கால் மரத்துச்சா? கால்ல பலம் குறைஞ்சுதா? இல்ல. அதனால ஊசி போட்டேன். சாமி வருசாவருசம் இஸ்ரவேல்கிட்ட போனதும் சரிதான். வலி இடத்துல நின்னு வலிக்க வரைக்கும் அவரு நீவலாம், நான் குத்தலாம். ஓட ஆரம்பிச்சா கவனமா இருக்கணும். மரத்துப்போச்சு, பிடி நழுவுது, நடை தடுமாறுதுன்னா அது எங்க ரெண்டு பேரு வேலையும் இல்ல. அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

"கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்கறேன்னு சொன்னாரே" என்றாள் ஜயலக்ஷ்மி.

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "எடுத்துட்டாரா?"

"இல்லை. அதுக்குள்ள கனம் போயிடுத்து."

"போனதுல அது ஒண்ணுதான் நல்லது. இந்தக் கழுத்தைத் திருப்பியிருந்தா கை காலு ரெண்டும் போயிருக்கும். நானும் இதுல ஊசி போட மாட்டேன். மதுரைக்குச் சீட்டுத் தாரேன், இன்னைக்கே போங்க. தள்ளிப்போட்டா காலும் போயிரும். ஸ்கேன் எடுத்துட்டு ஆபரேஷன்னு சொன்னா யோசிக்காதீங்க."

"கருட சேவை முடிஞ்சு போறேன்" என்றார் பஞ்சு. "ஒரு வாரம்தான். முன்னிடத்துக்கு நான் இருக்கணும். கால் போனாப் போறது. அவர் குடுத்ததுதானே."

"ஏன்னா..."

"நீ சும்மா இரு."

டாக்டர் வாதாடவில்லை. எழுந்து அலமாரியிலிருந்து ஒரு மர ஸ்கேலை எடுத்தார். "கண்ணை மூடுங்க சாமி. தண்டு தோள்ல இருக்குன்னு நினைச்சுக்கிடுங்க. இது நழுவுறப்போ சொல்லுங்க" என்று வலது தோளில் வைத்தார். பஞ்சு கண்ணை மூடி, இத்தனை வருஷப் பழக்கத்தில் நிமிர்ந்து, கழுத்தை லேசாகச் சாய்த்து நின்றார். ஸ்கேல் காய்ப்பின்மேல் ஒரு நொடி நின்றது. சரிந்தது. கை வழியாக வழுக்கித் தரையில் விழுந்து சத்தம் கேட்டது.

பஞ்சுவின் தோள் அசையவில்லை. சத்தத்துக்குத்தான் கண் திறந்தது.

தரையில் கிடந்த ஸ்கேலைப் பார்த்தார். ஜயலக்ஷ்மி சொல்கிறாள், கல்யாணம் ஆனதிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததில்லையாம்.

"அவர் விழுந்தாக்கூட எனக்குத் தெரியாதா?" என்றார் பஞ்சு.

"ஜயா, மதுரைக்கு எத்தனை மணிக்கு பஸ்?"

ஊர் ஜயலக்ஷ்மியை விட்டுவைக்கவில்லை. பெருமாள் செய்த அதிசயத்தை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படம் பிடித்துக் காட்டினவள் என்றார்கள். நம்பிக்கை கெட்டவள் என்றார்கள். அவள் காதில் விழாமலா இருந்திருக்கும்? மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள், சிவசண்முகம் சொன்னது அப்படியே இருந்தது. கழுத்தைத் திறந்து பிதுங்கினதை எடுத்தார்கள். கால் பிழைத்துவிட்டது, கையில் உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர். இனி எடை தூக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

கருட சேவை அன்று பஞ்சு கழுத்துப் பட்டையோடு மல்லாந்து படுத்திருந்தார். மத்தியானம் திரும்பியதும் வாய் முணுமுணுக்க ஆரம்பித்தது. "இப்போ புறப்பாடு. இப்போ வாசப்படி, குனியணும். இப்போ தேரடி மேடு, முன்னிடம் இறுக்கிப் பிடிக்கணும்." ஜயலக்ஷ்மி அவருடைய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரமும் கூடவே போனாள். "ஆத்தங்கரை தாண்டிட்டார்" என்றதும் இருவரும் அழுதார்கள். தாணுமாலையன் போனில் சொன்னார்: "ஒரு குறையுமில்லவே. உம்ம இடத்துல ரெண்டு பேரு மாத்தி மாத்தி நின்னானுவ."

ஊருக்கு வந்தபிறகு வீட்டில் ஒரு புது வழக்கம் ஏற்பட்டது. காலையில் காப்பியைச் சூடாகக் கலந்து, ஜயலக்ஷ்மி டம்ளரை அவருடைய வலது கையில் கொடுப்பாள். அவர் முகத்தையே பார்ப்பாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். வெந்துவிடும் முன்னால் அவள் பிடுங்கி இடது கைக்கு மாற்றிவிடுவாள். ஆனி போயிற்று. ஆடியில் குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் வந்தது, போயிற்று. திருமண் கோடு நிமிர்ந்துகொண்டு வந்தது. செருப்பு காலில் தங்கியது. உள்ளங்கைப் புண் ஆறித் தழும்பாயிற்று. சூடு மட்டும் வரவில்லை. காலையில் அந்தத் தலையாட்டலைப் பார்ப்பதுதான் ஜயலக்ஷ்மிக்கு நாளின் முதல் கஷ்டம்.

ஐப்பசியில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. தாணுமாலையன் புதிதாக அரைத்த பொடியோடு குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மணத்தை மழை அடக்கவில்லை. ஜயலக்ஷ்மி மூன்று டம்ளர் கலந்தாள். வழக்கம்போல் முதல் டம்ளரைப் பஞ்சுவின் வலது கையில் வைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தாணுமாலையன் வெள்ளத்தைப் பற்றி ஏதோ சொல்ல, அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஸ்ஸ்!"

டம்ளர் தரையில் உருண்டது. காப்பி சுவர்வரைக்கும் தெறித்தது. பஞ்சு கையை உதறிக்கொண்டு நின்றார்.

"சுடறது" என்றார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை. "ஜயா, சுடறதுடி!"

ஜயலக்ஷ்மி துணி எடுக்க ஓடவில்லை. சிந்தின காப்பியிலேயே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். வெண்கல உருளி பதித்த தழும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நகம் பதிய அழுத்தினாள்.

"இங்கே?"

பஞ்சுவின் முகம் சுருங்கியது. கண்ணில் நீர் முட்டியது. முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த வாயில் வராத வார்த்தை, வழி தெரியாமல் தொண்டையில் நின்று, பிறகு வந்தது.

"வலிக்கறது."

தாணுமாலையன் தம்மை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். கருடன் மேல் பெருமாள் வாசலில் வந்து நின்றால் எழுந்து நிற்பாரே, அப்படி.

ஜயலக்ஷ்மி விரலை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்கோ" என்றாள்.